யாழ்ப்பாணத்திலிருந்து ஒருநாள் மலைநடை: எந்த மாதம், எந்தப் பக்கம்?

கோண்டாவில் நடையன்:

எல்லோருக்கும் வணக்கம். என் வாழ்க்கையில் நான் ஏறிய ஆக உயர்ந்த இடம் யாழ் கோட்டை மதில்தான். சிரித்துவிட்டு மிச்சத்தை வாசியுங்கள்.

நாங்கள் நான்கு பேர். மூன்று பேர் இருபதுகளில், அக்காவுக்கு 41. வெள்ளி பின்னேரம் வேலை முடியும், திங்கள் காலை திரும்பவும் வேலையில் நிற்க வேண்டும். கூடாரம், நெருப்பு மூட்டிப் பாட்டு, அதெல்லாம் வேண்டாம். காட்டுக்குள் கொஞ்ச நேரம் நடந்து, ஒரு மலை விளிம்பில் நின்று கீழே பார்த்துவிட்டு இறங்கினால் போதும்.

கேட்பதற்குக் காரணம் போன வருடம் பட்ட அவமானம். ஆடி மாதம். இங்கே கிணற்றில் வாளி தரையில் இடிக்கிறது, முற்றம் முழுக்கப் புழுதி. நாடு முழுக்கக் கோடைதானே என்று ஒரு வான் பிடித்து ஹோட்டன் சமவெளிக்குப் போனோம். அங்கே உலக முடிவு என்கிற மலை விளிம்புக்குப் போய்ச் சேரப் பகல் பதினொன்றரை. எண்ணூறு மீற்றருக்கு மேல் செங்குத்தாக விழுகிற பள்ளம் என்றார்கள். முன்னால் இருந்தது வெள்ளையடித்த மதில் மாதிரிப் பனிமூட்டம். மழைத்தூறல் வேறு. செருப்புப் போட்டுக்கொண்டு வந்த மச்சான் இரண்டு தரம் சறுக்கி விழுந்தான். அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்று, "இதைப் பார்க்கவா தம்பி விடிய விடிய ஓடி வந்தனாங்கள்?" என்று கேட்டது இன்னும் காதில் நிற்கிறது.

இந்த முறை ஆவணியில் ஒரு சனிக்கிழமை கிடைக்கிறது. எங்கே போகலாம்?

பகிடிக்காரன்:

கீரிமலை. பேரிலேயே மலை இருக்கிறது.

கோண்டாவில் நடையன்:

அங்கே ஏறுவதற்கு ஒன்றும் இல்லை அண்ணை. படி இருப்பது கேணிக்குள் இறங்குவதற்கு.

சுன்னாகம் மாஸ்டர்:

தம்பி, பிழை உங்களுடையது மட்டும் இல்லை. முப்பது வருடம் புவியியல் படிப்பித்தவன் நான், எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் இந்தக் குழப்பம் உண்டு. யாழ்ப்பாணத்தானுக்கு வருடத்தில் இரண்டே காலம், மாரியும் கோடையும். ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை பெய்வதுதான் எங்கள் மழை. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம், அதுதான் தென்மேற்குக் காற்று, அடிக்கும். அது எங்களுக்கு ஒரு துளி தராது, வேலியை மட்டும் சாய்த்துவிட்டுப் போகும்.

ஆனால் அதே சோளகம்தான் மலைநாட்டின் மேற்குப் பக்கத்துக்கு மாரி. கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிற காற்று மலைச்சரிவில் முட்டி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது, குளிர்ந்தால் ஈரத்தைத் தாங்க முடியாமல் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி மறுபக்கம் இறங்கும்போது அது வெறுங்காற்று. இறங்க இறங்கச் சூடேறி மட்டக்களப்புப் பக்கம் போய்ச் சேரும்போது ஆளைச் சுடும். அங்கே அதற்குக் கச்சான் என்று பேர். நாங்கள் கோவில் வீதியில் கொறிக்கிற கச்சான் இல்லை.

ஆகவே மலைக்குப் போகிறவன் முதலில் கேட்க வேண்டியது மாதத்தை அல்ல, காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது என்பதை. தென்மேற்கால் வந்தால் கிழக்குச் சரிவுக்குப் போ. மார்கழி, தையில் வடகிழக்கால் வந்தால் மேற்குச் சரிவு மெல்ல மெல்ல வெளிக்கும். ஹோட்டன் சமவெளி 2100 மீற்றருக்கு மேலே முகட்டிலேயே கிடக்கிறது. இரண்டு காற்றும் அதைத் தடவிவிட்டுத்தான் போகும். தை முதல் பங்குனி வரைதான் அதற்கு நம்பக்கூடிய காலம், அதுவும் காலை ஒன்பது, பத்து மணிக்குள். பிறகு பள்ளத்தாக்கிலிருந்து முகில் ஏறி வந்து மூடிவிடும். பதினொன்றரைக்குப் போனது தையிலும் பிழைதான்.

உடுப்பு விஷயம் ஒன்று. 1000 மீற்றர் ஏறினால் ஏறக்குறைய 6.5 பாகை குறையும். சுன்னாகத்தில் 30 என்றால் அங்கே 16, 17. காற்றும் நனைந்த சேட்டும் சேர்ந்தால் பல் கிட்டும். தையில் சில விடியற்காலைகளில் அங்கே புல்லின் மேல் உறைபனியே படியும்.

பகிடிக்காரன்:

மாஸ்டர், சோளகம் எங்களுக்கு மலையைத் தாண்டியா வருகிறது? மன்னார்க் கடலால் அல்லவா வருகிறது?

சுன்னாகம் மாஸ்டர்:

சரியான கேள்வி. எங்களுக்குக் கடலால்தான் வருகிறது. ஆனால் தூக்கிவிட ஒரு மலை இல்லாததால் ஈரம் இருந்தும் எங்கள் தலைக்கு மேலாலே போய்விடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று ஒன்றுதான், அது செய்கிற வேலைதான் இடத்துக்கு இடம் வேறு. பகிடி விட்டாலும் ஆள் கவனமாகத்தான் வாசிக்கிறார்.

ஹற்றன் பிள்ளை:

மாஸ்டர் ஐயா இவ்வளவு விளக்கமாகச் சொன்னதை எங்கள் பக்கம் ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம்: தேயிலையைக் கேளுங்க. அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். எங்கள் மேற்குப் பக்கத்துத் திம்புலைத் தேயிலை மணமாக வருவது தையிலிருந்து பங்குனி வரைக்கும். கிழக்கே பதுளைப் பக்கத்து ஊவாத் தேயிலைக்கு ஆடி, ஆவணி, புரட்டாதி. அந்தந்த மாதத்தில் அந்தந்தப் பக்கம் காய்ந்த காற்று, பளிச்சென்று வெயில். கொழுந்து மெதுவாக வளரும், சாரம் உள்ளுக்குள்ளேயே நிற்கும். கொழுந்துக்கு நல்ல காலம் என்றால் நடக்கிற ஆளுக்கும் நல்ல காலம். அதனால் தை, மாசியில் எங்கள் பக்கமும் ஹோட்டன் சமவெளியும். ஆடி, ஆவணியில் எல்ல, பதுளைப் பக்கம். இதை மாற்றிப் போட்டுத்தான் நடையன் அண்ணா நனைந்திருக்கிறார்.

சிவனொளிபாதமலை பற்றியும் யாராவது கேட்பீங்க, இப்பவே சொல்லிவிடுகிறேன். பருவம் மார்கழிப் போயாவில், அதாவது பௌர்ணமியில், தொடங்கி வைகாசிப் போயாவோடு முடியும். 2243 மீற்றர், நல்லதண்ணிப் பக்கமாக ஏறினால் ஐயாயிரத்துச் சொச்சம் படி. பருவத்தில் வழி முழுக்க விளக்கு, தேத்தண்ணிக் கடை, "கருணாவை" சொல்லிக்கொண்டு ஏறுகிற பாட்டிமார். இரவில் ஏறி, விடியும்போது மலையின் நிழல் மேற்கே முகிலுக்கு மேல் கத்தியால் வெட்டின மாதிரி முக்கோணமாக விழுவதைப் பார்க்கணும். ஆனி மாதத்தில் போனால் விளக்கு இல்லை, கடை இல்லை, படியெல்லாம் ஓடை. போன சோளகத்தில் நாலு பொடியன்கள் அப்படி ஏறி, போன் லைட்டும் செத்து, ராத்திரி முழுக்கப் பாதி வழியில் ஒரு வெறும் கடைக் கூரைக்குக் கீழே குந்திக்கொண்டு இருந்தாங்க. விடிந்து இறங்கி வந்தப்போ எங்கள் அம்மாதான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தது.

இன்னொன்று. தோட்டத்துக்குள் போகிற ஒற்றையடிப் பாதை உங்களுக்கு மலைநடை, எங்களுக்கு அது வேலைக்குப் போகிற வழி. நாங்கள் குடியிருக்கிற லயத்து வாசலில் காய்கிற துணியைப் படம் எடுக்கிற முன்னே ஒரு வார்த்தை கேட்கலாம்.

கோண்டாவில் நடையன்:

நன்றி தங்கச்சி. படம் எடுத்த கூட்டத்தில் நானும் ஒருவன், மன்னிக்கவும். அப்படியென்றால் ஆவணிக்கு எல்ல என்று எடுத்துக்கொள்ளட்டா?

ஏ9 லொறி:

கொஞ்சம் பொறும் தம்பி. எல்ல நல்ல இடம்தான். ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து சனி ஞாயிறுக்குள் போய்த் திரும்பினால் கால் நடந்ததை விடப் பின்பக்கம் சீற்றில் தேய்ந்தது கூடவாக இருக்கும். நான் பதினொரு வருடமாகத் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு வெங்காயம் ஏற்றுகிறேன். சில நாள் சாமான் இறக்கிவிட்டு மாத்தளைக்கும் ஓட்டம் வரும். உமக்குத் தோதான மலை மாத்தளைக்கு மேலேதான் இருக்கிறது. பேர் றிவஸ்ரன், நக்கிள்ஸ் மலைத்தொடரில்.

ஏ9 வீதியே மாத்தளையை ஊடறுத்துத்தான் கண்டிக்குப் போகிறது. வெள்ளி இரவு கண்டி பஸ் ஏறினால் விடியப்புறம் மாத்தளையில் இறங்கலாம். அங்கிருந்து ரத்தோட்டை, ரத்தோட்டையிலிருந்து மேலே ஒரே வளைவு. ஆவணியில் அந்த வீதியில் ஒரு வேடிக்கை பார்க்கலாம். ரத்தோட்டைப் பக்கத்தால் ஏறும்போது முகில் வீதிக்குக் குறுக்கே படுத்திருக்கும், பகலிலும் லைட் போட்டு, வைப்பர் போட்டு ஊர்ந்துதான் போவீர். கணவாயைத் தாண்டினால் அந்தப் பக்கம் வெயில். வைப்பர் காய்ந்த கண்ணாடியில் கீச்சுக் கீச்சென்று உரசும். மாஸ்டர் எழுதிய பாடத்தை அந்த வைப்பர் சத்தத்தில் விளங்கிக்கொள்ளலாம்.

அங்காலே இறங்கினால் பிட்டவல பத்தனை என்கிற புல்வெளி. பாறைக்கு மேல் ஒரு சாண் மண், அதில் முழங்கால் உயரத்துக்குப் புல். புல்வெளியைக் கடந்து போனால் சின்ன உலக முடிவு. நிலம் சட்டென்று நின்றுவிடும், கீழே தெல்கமு ஓயா. நடை போதாது என்றால் றிவஸ்ரன் முகட்டுக்குப் போகிற வீதியையும் நடந்து ஏறும், இருபக்கமும் காடுதான். காற்று மட்டும் கவனம். தொப்பியைக் கையில் வைத்திரும், தலையில் வேண்டாம்.

ஐப்பசியிலிருந்து மார்கழி வரை அந்தப் பக்கம் போக வேண்டாம். எங்கள் மாரிதான் அவர்களுக்கும் மாரி. வீதியில் மண் சரிந்து நாங்களே இரண்டு நாள் லொறிக்குள் படுத்திருக்கிறோம்.

வார்ட் அக்கா:

அட்டையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே.

பகிடிக்காரன்:

திறந்தால் உள்ளே போய்விடும் என்ற பயம்தான்.

வார்ட் அக்கா:

அதுதான் நான் திறக்கிறேன். நான் தாதி, நக்கிள்ஸில் மூன்று முறை நடந்தவள். அட்டை மேலிருந்து விழுகிறது என்பார்கள், அநேகமாக அது புல்லிலும் சருகிலும் இருந்துதான் வருகிறது. சப்பாத்து நுனியில் ஒரு தீக்குச்சி மாதிரி எழுந்து நிற்கும், தலையை அங்கும் இங்கும் ஆட்டி மணம் பிடிக்கும், பிறகு வளைந்து நிமிர்ந்து வளைந்து நிமிர்ந்து லேஸ் துளைக்குள் புகுந்துவிடும். கடிக்கும்போது வலி தெரியாது. காலுறையைக் கழற்றும்போது சிவப்பாகக் கண்டுதான் அலறுவீர்கள்.

நெருப்புக்குச்சியால் சுட வேண்டாம், பிடித்து இழுக்கவும் வேண்டாம். மெல்லிய பக்கத்தில்தான் வாய் இருக்கும். அந்த இடத்தில் நகத்தைத் தோலோடு சேர்த்து வைத்து ஒரு தள்ளு, விட்டுவிடும். இரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளை விட்டுவிட்டுப் போகும், அதனால் கடிவாய் மணிக்கணக்கில் கசியலாம். துணியால் அழுத்திப் பிடியுங்கள், சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், பயப்பட ஒன்றும் இல்லை. இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுக்கிறவர்கள் மட்டும் மழைக்காலத்தில் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

ஏ9 லொறி:

உப்புத்தூள்தான் அக்கா மருந்து.

ஹற்றன் பிள்ளை:

உப்பு மழையில் கரைந்துவிடும் அண்ணே. சவர்க்காரத்தைக் காய்ந்த கட்டியாகவே காலுறையில் நல்லாத் தேய்த்துவிட்டுப் போடுங்க. சித்தாலேபத் தைலம் பூசினாலும் கொஞ்ச நேரம் கிட்ட வராது. காய்ந்த மாதத்தில் இது ஒன்றுமே தேவைப்படாது.

வடமராட்சிக் கிழக்கு:

ஒருநாள் நடைக்கு விடிய விடிய பஸ்ஸில் முறிந்து போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு விசர் வருகிறது. உங்களில் எத்தனை பேர் மணற்காட்டில் நடந்திருக்கிறீர்கள்? சவுக்கங்காட்டுக்குள் புகுந்தால் வெளிச்சத்தம் அடங்கிவிடும், கடல் இரைகிறதா சவுக்கு இரைகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. காலடியில் சவுக்கம் சருகு பாய் விரித்த மாதிரிக் கிடக்கும். அதைக் கடந்து மணல் குன்றில் ஏறுங்கள். உயரம் ஒன்றும் பெரிதில்லை, ஆனால் சுற்றிவர எல்லாமே தட்டையாக இருக்கிற நாட்டில் அந்த உயரமே கண்ணுக்குப் போதும். ஒருபக்கம் கடல் முழுதாகத் தெரியும். பாதி மணலுக்குள் நிற்கிற பழைய அந்தோனியார் கோவிலின் இடிந்த சுவர்களும் அங்கேதான்.

காலமும் சொல்கிறேன். மாரி விட்ட கையோடு தையில் வாருங்கள், மணல் இறுகியிருக்கும், கால் புதையாது. சித்திரையில் பத்து மணிக்குப் பிறகு செருப்பைக் கழற்றினால் குதித்துக் குதித்துத்தான் திரும்புவீர்கள். சோளகத்தில் மணல் எழும்பிக் கண்ணுக்குள் வரும். மழை பெய்துகொண்டிருக்கும்போதும் ஒருமுறை வந்து பாருங்கள், அதை நான் எழுத மாட்டேன்.

கோண்டாவில் நடையன்:

மணற்காட்டுக்குப் போயிருக்கிறேன் அண்ணை. இரண்டு முறை. வேட்டைத்திருவிழா மாதிரி வானில் கூட்டமாகப் போய், சோடாப் போத்தலோடு திரும்பினோம். நீங்கள் சொல்வதை வாசிக்கப் போகாத மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் அக்காவுக்கு எட்டிப் பார்க்க ஒரு பள்ளம் வேண்டுமாம்.

ஹற்றன் பிள்ளை:

நான் மணல் குன்றைப் பார்த்ததே இல்லை. கடலே மூன்று தடவைதான். தையில் வந்தால் யாராவது கூட்டிக்கொண்டு போவீங்களா?

வடமராட்சிக் கிழக்கு:

வாருங்கள் தங்கச்சி. சோறும் மீன்குழம்பும் வீட்டில்.

அனுராதபுரத்தில் வேலை:

ஏன் ஒருவரும் ரிட்டிகலையைச் சொல்லவில்லை? யாழ்ப்பாணத்துக்கு இன்னும் கிட்ட. மரதன்கடவளையில் ஏ9ஐ விட்டுத் திரும்பி ஹபரணைப் பக்கம் போனால் சரி. 766 மீற்றர். அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு போகும்போது விழுந்த துண்டு என்று ஊர்க்கதை. பழைய துறவிகளின் மடாலயச் சிதைவுகளுக்கு நடுவே கல் பதித்த பாதை, மேலே முழு நிழல்.

ஏ9 லொறி:

அதில் விளிம்பு எங்கே தம்பி? உச்சிக்கு விடமாட்டார்களே.

அனுராதபுரத்தில் வேலை:

உண்மைதான். கடும் இயற்கை ஒதுக்கிடம், சிதைவுகள் வரைதான் போகலாம், உச்சிக்குத் தனி அனுமதி வேண்டும். பள்ளம் பார்க்கக் கிடைக்காது. யானை நடமாட்டம் இருப்பதால் பொழுதுபடும் வரை நிற்கவும் கூடாது. சரி, அக்காவுக்குத் தோதில்லை. பொங்கலுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக நினைக்கிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

சுன்னாகம் மாஸ்டர்:

சித்திரையை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். பங்குனி, சித்திரையில் காற்று இரண்டு பக்கத்தாலும் ஓய்ந்திருக்கும். காலை கண்ணாடி மாதிரி இருக்கும், பகல் இரண்டு மணிக்கு இடி. வெட்டவெளி விளிம்பில் மின்னலுக்கு நீங்கள்தான் ஆக உயரமான பொருள். மதியத்துக்கு முன்னம் விளிம்பை விட்டு இறங்கிவிட வேண்டும். எந்தக் காலமானாலும் புறப்படுகிற முதல்நாள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலை. மஞ்சள் என்றாலே நான் ரிக்கெற்றைக் கிழித்துவிடுவேன். கொடுத்த காசைப் பற்றிக் கவலைப்படுகிறவர் மலைக்குப் போகவே வேண்டாம்.

சாப்பாட்டுக்கு ஒரு சொல். ஹோட்டன் சமவெளி வாசலில் பையைத் திறந்து பொலித்தீனை எல்லாம் எடுத்துவிடுவார்கள், தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் லேபிளைக்கூட உரித்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். எங்கு போனாலும் அந்தப் பழக்கத்தோடே போங்கள். வாழையிலையில் புட்டு, பனையோலைப் பெட்டியில் பனங்கட்டியும் புழுக்கொடியலும் கச்சானும். இவை நசியாது, புளிக்காது, நடக்க நடக்க வாயில் போடலாம்.

கோண்டாவில் நடையன் (ஆவணிக் கடைசியில்):

போய் வந்துவிட்டோம். எழுதச் சொல்லி மூன்று பேர் கேட்டிருந்தீர்கள்.

நல்லூர்த் திருவிழாவுக்குக் கொடியேறியிருந்ததால் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் இல்லை. அம்மா வாழையிலையில் புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டித் தந்தா. மாத்தளையில் இறங்கும்போது இன்னும் இருட்டு. ரத்தோட்டையில் ஒரு பிளேன்ரீ, அங்கே கடைக்குப் பின்பக்கம் போன மச்சானுக்கு அட்டை கடித்தது. மலையில் ஒருவருக்கும் கடிக்கவில்லை, தேத்தண்ணிக் கடைக்குப் பின்னால் கடித்தது. அவன் இந்த முறை சப்பாத்துப் போட்டிருந்தான், காலுறைதான் போடவில்லை. வார்ட் அக்கா சொன்ன மாதிரி நகத்தால் தள்ளினேன், விட்டது. இரத்தம் பத்து மணி வரை கசிந்தது.

கணவாயில் லொறி அண்ணை சொன்னது அப்படியே. இந்தப் பக்கம் முகில், அந்தப் பக்கம் வெயில், நடுவில் ஓட்டோக்காரர் வைப்பரை நிறுத்த மறந்து கீச்சுக் கீச்சென்று போனார். நாங்கள் நான்கு பேரும் சிரித்ததற்குக் காரணம் அவருக்கு விளங்கவில்லை.

பத்தனையில் காற்று புல்லை ஒரே திசைக்குப் படுக்க வைத்திருந்தது, சீப்பால் வாரிவிட்ட தலை மாதிரி. விளிம்புக்கு ஒரு இருபது அடி இருக்கும்போதே அக்கா நின்றுவிட்டாள். போன வருடம் முழுக்க என்னைத் திட்டின ஆள். பிறகு புல்லில் குப்புறப் படுத்து, முழங்கையால் ஊர்ந்து ஊர்ந்து போய்த் தலையை மட்டும் நீட்டிப் பார்த்தாள். கீழே ஆறு வெள்ளி நூல் மாதிரி. காடு, நடுவில் வயல் துண்டுகள், எங்கேயோ ஒரு நாய் குரைத்த சத்தம் காற்றோடு மேலே வந்தது. பத்து நிமிடம் அப்படியே கிடந்தாள். எழும்பி மண்ணைத் தட்டிவிட்டு, "புட்டை எடு" என்றாள்.

பிழையும் விட்டோம். திரும்பும் பஸ் நேரத்தை ஓட்டோக்காரரிடம் மட்டும் கேட்டு நம்பியதால் இரண்டரை மணித்தியாலம் வீதியோரம் இருந்தோம். தொப்பி ஒன்று லக்கலைப் பக்கம் பறந்துவிட்டது, கண்டெடுத்தவர் வைத்துக்கொள்ளலாம்.

மாசியில் ஹோட்டன் சமவெளிக் கணக்கைத் தீர்க்க வேண்டும். இந்த முறை முதல்நாள் இரவே ஹற்றனுக்கு வந்துவிடுவோம். ஒருநாள் நடை என்று தொடங்கியது நீண்டுவிட்டது.

ஏ9 லொறி:

தொப்பியைக் கையில் வைத்திரும் என்று எழுதினேனே.

ஹற்றன் பிள்ளை:

வாங்க அண்ணா. விடியக் காலை நாலு மணிக்காவது கிளம்பணும், அக்காவிடம் இப்பவே சொல்லிவையுங்க. வரும்போது எங்களுக்கு அந்தக் கருப்பட்டி ஒரு கிலோ கொண்டு வாங்க. நான் தைக்கு மணற்காட்டுக்கு வரும்போது நல்ல தேயிலை கொண்டு வருகிறேன்.

சுன்னாகம் மாஸ்டர்:

கருப்பட்டி இல்லை பிள்ளை, பனங்கட்டி.

ஹற்றன் பிள்ளை:

சரி ஐயா, அதையே கொண்டு வரச் சொல்லுங்க.